பலகையில் நான்கு மொழி

கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஏணி மேல் நின்று நான் எழுதிய முதல் கன்னட வார்த்தை பிழையாகப் போனது. 1972, காந்தி ஜெயந்திக்கு முந்தின நாள். எனக்குப் பதினாறு வயது. மார்க்கெட் பக்கத்துச் சுவரில் காந்தி படத்தை முடித்த மேஸ்திரி, "பேரை நீ போடுடா. மேல தமிழ், கீழ கன்னடம்" என்று பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். தமிழ் அழகாக வந்தது. அதைப் பார்த்தபடியே கன்னடத்தைப் போட்டேன். நம் க-வுக்கு அவர்களுடைய முதல் க, நம் த-வுக்கு அவர்களுடைய முதல் த. கீழே நின்றிருந்த கன்னடப் பெரியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காந்தி அல்லப்பா, காந்தி" என்றார்.

அவர் சொன்னதைத் தமிழில் அச்சடித்தால் என்ன சொன்னார் என்பதே விளங்காது. முதல் காந்தியில் இருப்பது 'கல்' என்ற சொல்லில் வரும் க. அதற்கு ஒளி, பளபளப்பு என்று பொருள். இரண்டாவதில் இருப்பது 'தங்கம்' என்ற சொல்லில் வரும் க. அதுதான் மகாத்மாவின் பெயர். நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. கன்னடத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து உண்டு. ச, ட, த, ப வரிசைகளிலும் அப்படியே.

மேஸ்திரி திரும்பி வந்து பார்த்தார். திட்டவில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எழுத்தைத் துடைத்தார். "தமிழ்ல மீதிய படிக்கறவன் பாத்துக்குவான்டா. கன்னடத்துல எழுதறவனே எல்லாத்தையும் எழுதணும்" என்றார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சொல் என்னோடு இருக்கிறது. இரண்டு மொழிகளை ஒப்பிடுவது என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அடியில் இறங்கி வேலை செய்தவர். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் இங்கே சுரங்கம் எடுத்த பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். மூங்கில் தட்டி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அந்த வரிசைக்கு 'லைன்' என்று பெயர். லைனில் தமிழ், தண்ணீர்க் குழாயடியில் தெலுங்கும் சேரும், சந்தைக்குக் காய் கொண்டுவரும் சுற்றுக் கிராமத்தாரிடம் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், பாறை வெடிக்கும் இடத்தில், எந்த மொழியில் "ஓடு" என்று கத்தினாலும் எல்லாருக்கும் புரிய வேண்டும் என்பார் அப்பா.

கன்னடத்தில் எங்கள் ஊருக்குக் 'கோலார சின்னத கணி' என்று பெயர். சின்ன என்றால் அங்கே தங்கம். அதைச் சொல்லும்போது ச-வை அழுத்திச் சொல்வார்கள். உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் ஒன்றை ஏன் சின்னது என்கிறார்கள் என்று சிறுவயதில் நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

பலகை எழுதுகிறவனுக்கு மொழி முதலில் உருவமாகத்தான் தெரியும். தகரத்தில் வெள்ளை அடித்துக் காய்ந்ததும், சாக்கட்டிப் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அதற்கு நூல் அடிப்பது என்போம். தமிழுக்கு நூல் அடிக்கும்போது மேலே இடம் விட வேண்டும். புள்ளியும் இகரக் கொக்கியும் மேலேதான் ஏறும். கன்னடத்துக்குக் கீழே இடம் விட வேண்டும், ஏனென்றால் ஒற்றெழுத்து கீழே தொங்கும். தமிழில் ட, ப, ம என்று மூலை மடங்கிய எழுத்துகள் உண்டு. கன்னடம் உருண்டை. பெரும்பாலான எழுத்துகளின் தலையில் சின்னக் கொண்டைபோல் ஒரு கோடு. அதற்குத் 'தலகட்டு' என்று பெயர். அந்தக் கொண்டையைக் கொஞ்சம் மாற்றி, வளைவைத் திருத்தினால் தெலுங்கு. இரண்டும் ஒரே பழைய எழுத்திலிருந்து பிரிந்தவை. கன்னடமும் தெலுங்கும் பார்வைக்கு உடன்பிறந்தவை. காதுக்குக் கன்னடம் நம்மோடு நெருக்கம். எழுத்தை வைத்து மொழியின் உறவைச் சொல்லக்கூடாது என்று நான் கற்றது இப்படித்தான்.

ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் தொழில் போன பிறகும் பலகையைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். தங்கை மகன் வெல்டர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடிய பிறகு வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கோ போகிறார்கள். அவன் செர்பியாவுக்குப் போனான். எதிர்வீட்டுப் பெண் இஸ்ரேலில் முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். ஒரே வாரத்தில் இரண்டு பேரிடமிருந்தும் போனில் படம் வந்தது. "மாமா, இந்த போர்டைப் பாருங்க" என்று அவன். "பெரியப்பா, இது எப்படிப் படிக்கறதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று அவள்.

அவன் அனுப்பியது ஒரு ரொட்டிக் கடை. 'பெக்காரா' என்று இரண்டு எழுத்தில் எழுதியிருந்தது. ஒன்று நமக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து. இன்னொன்று ரஷ்யாக்காரர்கள் எழுதுகிற சிரிலிக் வகை. அதில் இங்கிலீஷ் 'பி' மாதிரி இருப்பது ர. ஆனால் குழப்பம் அந்த முதல் நாளோடு சரி. 30 எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி, ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து. வூக் கராஜிச் என்பவர் 1818ல் வியன்னாவில் ஒரு செர்பிய அகராதியை அச்சிட்டு, குடியானவன் பேசுகிற பேச்சை அப்படியே எழுத வேண்டும், எழுதியதை அப்படியே படிக்க வேண்டும் என்று நின்றார். அவர் எழுத்துமுறையை அந்த நாடு முழுமையாக ஏற்க 1868 வரை ஆயிற்று. அவர் 1864லேயே காலமாகிவிட்டார். என் மருமகனுக்கு அந்த மொழியில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் ஒரு மாதத்தில் எல்லாப் பலகையையும் சத்தமாகப் படிக்கிறான். அதனால்தான் செர்பியத்தை நான் கன்னடத்தின் பக்கம் வைக்கிறேன். எழுதுகிறவன் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறான்.

அவள் அனுப்பிய பலகையில் மூன்றே எழுத்து. வலமிருந்து இடம் போகும் எபிரேயம். அங்கே மொத்தம் 22 எழுத்து; எல்லாம் மெய். உயிரொலியைக் காட்டப் புள்ளிகளும் கோடுகளும் உண்டு. குழந்தைப் புத்தகத்திலும் ஜெபப் புத்தகத்திலும் போடுவார்கள். செய்தித்தாளிலும் கடைப் பலகையிலும் போடுவதில்லை. அந்த மூன்று எழுத்தைச் 'சேஃபெர்' என்று படித்தால் புத்தகம். 'சப்பார்' என்று படித்தால் முடி திருத்துபவர். நடு எழுத்து ஒன்றே. அதைப் ப என்றும் ஃப என்றும் இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். எது புத்தகக் கடை, எது சலூன் என்பதைக் கண்ணாடிக்குள் இருக்கும் நாற்காலிதான் சொல்லும்.

அதைக் கேட்டதும் எனக்கு மேஸ்திரியின் முகம்தான் வந்தது. 'கத்தாவ்' என்றால் எபிரேயத்தில் எழுதினான். 'மிஹ்தாவ்' என்றால் கடிதம். முதலில் உள்ள க-வும் நடுவில் வரும் ஹ-வும் ஒரே எழுத்துதான். தொடக்கத்தில் வல்லோசை, உயிருக்குப் பின்னால் மெல்லோசை. நாம் 'கல்' என்னும்போதும் 'பகல்' என்னும்போதும் செய்வது இதேதான். பாவம் என்று எழுதிவிட்டு, கோயில் சுவரில் ஒரு மாதிரியும் நாட்டியக்காரர் பேச்சில் வேறு மாதிரியும் படிக்கிறோம். மீதியைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்கிறார். எபிரேயம் உயிரை விடுகிறது, நாம் வல்லோசை மெல்லோசை வேறுபாட்டை விடுகிறோம். அந்த மொழியை வளர்ந்தவர்கள் படிக்கிற வேகத்தைப் பார்த்தால் இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுத்தைத் தள்ளிவைத்து ரத்த உறவைப் பார்த்தால், செர்பியமும் எபிரேயமும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. செர்பியம் சமஸ்கிருதமும் இந்தியும் சேர்ந்த பெரிய குடும்பம். மருமகன் வேலையிடத்தில் எண்ணக் கற்றுக்கொண்டு எனக்குச் சொன்னான்: இரண்டுக்கு த்வா, மூன்றுக்கு த்ரி, ஏழுக்கு செதம், பத்துக்கு தெசெத். துவி, திரி, சப்தம், தசம் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இல்லை. எபிரேயம் அரபியின் குடும்பம். 'ஷாலோம்' என்று அவள் சொன்னால், எங்கள் பக்கத்து லைன் பாய் வீட்டு 'ஸலாம்' காதில் விழும்.

தமிழுக்கும் கன்னடத்துக்கும் உள்ள உறவு வேறு. ஒரே வீட்டில் பிறந்து அடுத்தடுத்த தெருவில் குடியேறிய உறவு. பால், ஹாலு. பல், ஹல்லு. பூ, ஹூவு. போ என்பதற்கு ஹோகு. பத்து, ஹத்து. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் ப-வில்தான் தொடங்கின. பிறகு ஹ ஆயின. பம்பா என்ற பெயர்தான் ஹம்பி ஆயிற்று. நம் வ அங்கே பெரும்பாலும் உதட்டை மூடிச் சொல்லும் ப ஆகும். வாய் 'பாயி', வேர் 'பேரு', விரல் 'பெரளு'. நம் ஐ அங்கே எ. தலை 'தலெ', மழை 'மளெ', வாழை 'பாளெ'. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ழ-வுக்குத் தனி எழுத்து இருந்தது. பிறகு வழக்கொழிந்தது.

இதைச் சொன்னவுடன் நம்மவர்கள் சிலர் மார்தட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். செவி அங்கே 'கிவி', சேரி 'கேரி'. இந்தச் சொற்களில் பழைய ஒலி க. அதைக் காப்பாற்றி வைத்திருப்பது கன்னடம். ச என்று மாற்றிக்கொண்டவர்கள் நாம். ப-வையும் ழ-வையும் நாம் வைத்திருக்கிறோம், க-வை அவர்கள் வைத்திருக்கிறார்கள். தாத்தா சொத்தில் பெட்டி ஒருவரிடம், சாவி ஒருவரிடம் இருப்பதுபோல. எது எதிலிருந்து வந்தது என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்களிடம் நான் இந்த இரண்டு சொல்லைத்தான் காட்டுவேன்.

டீக்கடை என்றதும் இஞ்சி நினைவுக்கு வருகிறது. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஒரே கடையில் மூன்று பேர் நின்றால் ஒருவர் இஞ்சி கேட்பார், ஒருவர் 'ஹசி ஷுண்டி' கேட்பார், ஒருவர் 'அல்லம்' கேட்பார். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஒரு நாள் மருமகனிடம், அங்கே இஞ்சிக்கு என்ன பெயர் என்றேன். 'ஜும்பிர்' என்றான். எதிர்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். 'ஸங்க்வில்' என்றாள். இரண்டும் ஒரே சொல். நம் பக்கத்து இஞ்சிவேர்தான் பாலி மொழியில் 'சிங்கிவேர' ஆகி, மேற்கே கப்பலேறி, கிரேக்கத்திலும் லத்தீனிலும் புகுந்து, ஹங்கேரி வழியாகச் செர்பியாவுக்குப் போய் ஜும்பிர் ஆனது. பாரசீகத்தின் பக்கமாகப் போனது ஸங்க்வில் ஆனது. சொந்தமே இல்லாத அந்த இரண்டு மொழியும் ஒரு சொல்லில் ஒன்றாகின்றன, அந்தச் சொல் நம் தென்னாட்டு மண்ணுக்குள் விளைந்தது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் போன் செய்து இதைச் சொன்னேன். அவள் அந்த முதியவரிடம் சொன்னாளாம். அவர் அந்த வாரம் முழுக்கத் தன் டீயில் இஞ்சி போடச் சொன்னாராம்.

மயில் பற்றியும் ஒரு செய்தி உண்டு. சாலமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த பொருள்களில் 'துக்கி' என்று பைபிளில் வருவது நம் 'தோகை' என்ற சொல்லே என்று மொழியறிஞர் கால்டுவெல் எழுதினார். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி.

செர்பியமும் எபிரேயமும் மனிதர்கள் வாயில் சந்தித்த இடமும் இருக்கிறது. பெல்கிரேட்டை ஒட்டிய செமுன் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் யெஹூதா அல்கலாய் என்ற ரப்பி இருந்தார். அவருடைய சபை வீட்டில் பேசியது ஸ்பெயினிலிருந்து முன்னோர் கொண்டுவந்த லதினோ. தெருவில் செர்பியம், கோயிலில் எபிரேயம். எபிரேயம் அப்போது ஜெபத்துக்கும் படிப்புக்கும் மட்டும் இருந்த மொழி. அல்கலாய் பிள்ளைகளுக்காக எபிரேய இலக்கணம் எழுதினார். பிற்பாடு 1881ல் எருசலேமுக்குப் போன எலியேசர் பென் யெஹூதா, தன் மகனோடு எபிரேயத்தைத் தவிர வேறு பேச்சே கூடாது என்று வீட்டில் விதி வைத்தார். அந்த மகன் பிறந்தது 1882ல். எபிரேயம் மறுபடியும் பேச்சுமொழியாவது அப்படி ஒரு வீட்டில் தொடங்கியது.

எங்கள் ஊருக்கு வருகிறேன். ஒப்பிடுவது என்பது எப்போதும் இஞ்சி டீயாக இருந்ததில்லை. கன்னடத்தில் 'நாவு' என்ற ஒரே சொல் உண்டு. நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு. கேட்கிறவரைச் சேர்த்துச் சொன்னால் நாம். விலக்கிச் சொன்னால் நாங்கள். செர்பியத்தில் 'மி', எபிரேயத்தில் 'அனஹ்னு', அவர்களுக்கும் ஒன்றுதான். இந்த நான்கில் தமிழ் பேசுகிறவன் மட்டும் வாயைத் திறக்கும்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 1982ல் கோகாக் அறிக்கையை நிறைவேற்றச் சொல்லி, பள்ளியில் கன்னடமே முதல் மொழியாக வேண்டும் என்று நடிகர் ராஜ்குமார் தலைமையில் பெரிய கிளர்ச்சி நடந்தது. எங்கள் லைன்களில் எதிர்ப்பு எழுந்தது. அந்த நாட்களில் நான் எழுதிய தமிழ்த் துணிப் பதாகைகளில் எல்லாம் 'நாங்கள்' என்றே இருந்தது. ஒரு ராத்திரி என் ஏணியையும் டப்பாக்களையும் யாரோ உடைத்துப் போட்டார்கள். மறுநாள் பெயிண்ட் கடன் கொடுத்தவர் ஒரு கன்னட வியாபாரி. அவரிடம் நான் கன்னடத்தில் 'நாவு' என்று பேசினேன். அந்தச் சொல்லுக்குள் அவரும் இருந்தார்.

அந்தக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று தமிழ்நாட்டில், ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. கன்னடத்துக்கு 1983ல் ஞானபீடம் வாங்கித்தந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் எங்கள் கோலார் மாவட்டத்துக்காரர். வீட்டில் பேசியது தமிழ். கோலாரம்மா கோயிலுக்குப் போனால் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் சுவரிலேயே இருக்கின்றன. 1905ல் ரைஸ் துரை வெளியிட்ட கோலார்க் கல்வெட்டுத் தொகுதியில் கன்னடமும் தமிழும் அடுத்தடுத்த பக்கங்களில் கிடக்கின்றன. குவளாலபுரம் என்று கல்லில் உள்ள பெயர்தான் கோலார். நான் ஏணியில் ஏறுவதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முன்பே இந்த ஊரில் இரண்டு மொழியிலும் ஒருவன் உளி பிடித்திருக்கிறான்.

என் பேரன் பெங்களூரில் படிக்கிறான். தமிழ் பேசுவான், நன்றாகவே பேசுவான். எழுதவும் படிக்கவும் கன்னடமும் இங்கிலீஷும்தான். போன கோடையில் மாரிகுப்பம் ரயிலில் வந்து இறங்கியவன், பழைய லைன் சுவரில் நான் எழுதி வெளிறிப்போன ஒரு தமிழ்ப் பெயரைக் காட்டி, "தாத்தா, இது என்ன எழுத்து?" என்றான். அவனை உட்கார வைத்து, தகரத்தில் நூல் அடித்து, இடப்பக்கம் கன்னட எழுத்து, வலப்பக்கம் தமிழ் எழுத்து என்று போட்டேன். ஆறு நாள், தினமும் ஐந்து எழுத்து. ஏழாம் நாள் காலையில் அந்தச் சுவருக்குப் போய் விரலை வைத்துக் கூட்டிப் படித்தான். க-வைப் பார்த்து, "இது எந்த க?" என்று கேட்டான். சொல்லைப் பார், அதுவே சொல்லும் என்றேன்.

கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் மைசூரிலும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தமிழுக்கு உயிர் 12, மெய் 18, மொத்தம் 30. அந்தப் 12 உயிரும் 15 மெய்யும் உங்கள் பிள்ளைக்குக் கன்னடத்தில் ஏற்கெனவே தெரிந்த ஒலிகள், உருவம்தான் புதிது. ஓர் அட்டையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். ழ, ற, ன என்ற மூன்றுக்கு மட்டும் கூடவே உட்கார்ந்து வாயால் சொல்லிக் கொடுங்கள்.